இனி நீ தூது போக வேண்டாம்

கண்ணு,

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அம்மா கோபத்தில் வைத்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்தாய். அப்போது வாயைத் திறந்திருந்தால், இன்னும் இருபது நாளில் மாலை மாற்றப்போகிற பையனிடம் பேசக்கூடாததெல்லாம் பேசியிருப்பேன். அதனால் இன்று பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, காப்பி குடித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிச் சுற்றி மரத்துப்போன கை இது. ஒரு நாள் செப்புக் கம்பியை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. வரப்போகிற மருமகள் கீர்த்தனாவும் படிக்கட்டும். அவள் வீட்டார் படித்தாலும், நம் சொந்தக்காரர்கள் படித்தாலும், ஊரே கூடி உட்கார்ந்து படித்தாலும் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

நீ கேட்டதை எழுத்தில் ஒருமுறை வைத்துப் பார்க்கிறேன். "கல்யாணத்தன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அப்பா பக்கத்துல நின்னுக்கங்கம்மா. அப்பாவே ஆசைப்படறாருங்க. ரெண்டு பேரும் சேந்து நின்னா நல்லாருக்கும்னு அவரே சொன்னாரு" என்றாய். பதின்மூன்று வருடமாக அவர் பல்லடத்தில் கோழிப்பண்ணையோடு இருக்கிறார், நான் கோயம்புத்தூர் கணபதியில் இந்த இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன். கோர்ட்டுக்கும் போகவில்லை, சேர்ந்து வாழவும் இல்லை. நாங்கள் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தியதோ அதற்கும் ஆறு வருடம் முன்னால். அப்படிப்பட்ட மனிதருக்குப் பக்கத்தில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மல்லிகை வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தபடி நிற்க வேண்டும். எதற்காக? மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் குறைவில்லாமல் இருக்கிறார்கள் என்று மண்டபத்துக்குக் காட்டுவதற்காக.

இந்த யோசனை உனக்கு எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அன்னூரில் கீர்த்தனா வீட்டில் உப்புச் சர்க்கரை மாற்றிய அன்றைக்குத்தான். தட்டில் உப்பையும் சர்க்கரையையும் வைத்து இரண்டு வீட்டாரும் மாற்றிக்கொண்டால்தான் நம் பக்கம் சம்பந்தம் உறுதியானதாக அர்த்தம். கீர்த்தனாவின் பெரியப்பா தட்டோடு எழுந்து வந்தார். மாப்பிள்ளையைப் பெற்றவள் நான்தானே என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவர் தட்டை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அப்படியே நகர்த்தி, எனக்குப் பின்னால் நின்ற உன் மாமனிடமும் அத்தையிடமும் கொடுத்தார். "ஏனுங்க அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. இது சோடியா நின்னு வாங்கறதுங்க" என்றார். அத்தனை மரியாதையாகச் சொன்னவரை என்ன சொல்லித் திட்டுவது? "அதுக்கென்னங்க, பரவாயில்லீங்க" என்று நானும் சிரித்தேன். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். நீ எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய், உடனே தலையைக் குனிந்துகொண்டாய்.

அது போதாதென்று பந்தியில் கீர்த்தனாவின் அம்மா என் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "தகப்பன் இல்லாம வளந்த பையன்னு சொல்லவே முடியாதுங்க. அத்தன பதவிசா இருக்கறாருங்க தம்பி" என்றார். நல்ல மனுஷி. மனதாரப் பாராட்டத்தான் சொன்னார். எனக்கோ ஒரு கேள்விதான். அம்மா மட்டும் வளர்த்த பையன் என்றால் எப்படி இருப்பான் என்று எதிர்பார்த்து வந்தார்கள்? பந்தலில் ஏறி ஆடுவான் என்றா? பதினாறு வருடமாக இதே பாராட்டை நான் எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! வாடகை வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார், பட்டறை முதலாளி சொன்னார், உன் மாமன் வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் சொல்கிறான். ஒருவர்கூட, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து இருந்த வீட்டில் அந்தப் பையன் எப்படி இருந்தான் என்று கேட்டதில்லை. கேட்கவே இல்லையென்றாலும் இன்று நான் சொல்லப்போகிறேன்.

பல்லடத்தில் நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தைப் பற்றி அங்கே போய் விசாரித்துப் பார். "சத்தம் வெளிய கேக்காத ஊடுங்க அது" என்று இன்றைக்கும் சொல்வார்கள். உண்மைதான். உன் அப்பா குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. உன் மாமன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அவரை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டான். நடந்தது அவ்வளவுதான். அதற்காக உன் அப்பா என்னிடம் பேச்சை நிறுத்தினார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் பேசாமல் இருந்தேன். அவர் முதலில் பேசட்டும் என்று நான் இருந்தேன், நான் முதலில் பேசட்டும் என்று அவர் இருந்தார். அப்போது நீ நான்காம் வகுப்பு. நீ ஏழாம் வகுப்புக்குப் போன பிறகும் நாங்கள் பேசவில்லை. வந்தவர் போனவர் எல்லோரும் எங்களை உதாரண தம்பதி என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

பேச்சு நின்றாலும் வீடு நடக்க வேண்டுமே. அதற்குத்தான் நீ இருந்தாய். "கண்ணு, உங்கப்பாகிட்டச் சொல்லு, சாப்பாடு ஆச்சுன்னு." "சாமி, உங்கம்மாகிட்டச் சொல்லு, தீவன லாரி வருது, ஆளுங்களுக்கு டீ வெக்கோணும்னு." அவர் முன்னறையில் இருப்பார், நான் பின்னால் சமையலறையில் இருப்பேன், நடுவில் ஒரு கூடம். எழுந்து நாலு எட்டு வைத்தால் நேரிலேயே சொல்லிவிடலாம். வைக்க மாட்டோம். நீ கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வருவாய், சொல்லிவிட்டுப் போய் மறுபடி பென்சிலை எடுப்பாய், அதற்குள் அவர் கூப்பிடுவார். எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டோம் உன்னை! அவர் சாமி என்பார், நான் கண்ணு என்பேன். இப்போது அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் நான் கூடத்துக் கதவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது. உன் அப்பா மதியச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "உங்கம்மாகிட்டச் சொல்லு. சோறாக்கத் தெரியலீன்னா அவ அண்ணன் ஊட்டுக்கே போயிறச் சொல்லு" என்றார். நீ "சரிங்கப்பா" என்றாய். சமையலறையில் என்னைத் தேடிவிட்டு, கூடத்துக்கு வந்து என்னைக் கண்டுபிடித்து, "அம்மா, அப்பாவுக்கு இன்னிக்கு அவ்வளவாப் பசி இல்லீங்களாம். பொழுதோட கொஞ்சமாச் சாப்பிட்டுக்கறேன்னாருங்க" என்றாய். பத்து வயது உனக்கு. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை நாளாகப் பழகியிருந்தால் அத்தனை சுளுவாக வரும்?

அந்த நிமிஷமே மடித்த துணியை வீசிவிட்டு நான் முன்னறைக்குப் போயிருக்க வேண்டும். அவரிடம் நேருக்கு நேர் நின்று தெருவே கேட்கிற மாதிரி சண்டை போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் சொல்கிற சுடுசொல்லெல்லாம் உன் வாய் வழியாக வரும்போது ஆறிப்போய் வருகிறதே, வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் சொல்லி அனுப்புவதையும் நீ இப்படித்தான் மாற்றிச் சொல்வாய் என்று அன்றைக்கே புரிந்தது. புரிந்த பிறகு நான் இன்னும் காரமாகச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தேன். உன் அம்மா செய்த காரியம் இது. உன் அப்பாவை மட்டும் கூண்டில் நிறுத்திவிட்டு நான் நல்லவளாகிவிட நினைக்கவில்லை.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது, உன்னால் மாற்றவே முடியாத எதையோ அவர் சொல்லி அனுப்பினார். என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சமையலறை வாசலில் வந்து நின்றாய். "அப்பா என்ன சொன்னாரு கண்ணு?" என்று மூன்று முறை கேட்டேன். வாயைத் திறந்தாய், மூடினாய், திறந்தாய், அழுதுவிட்டாய். அடுத்த வாரம் உன்னையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் வந்துவிட்டேன்.

கணபதிக்கு வந்து ஆறு மாதம் இருக்கும், ஒரு காலையில் நீ முதன்முதலாக என்னிடம் கத்தினாய். "தெனமும் இதே தக்காளிச் சோறுதானா? மனுசன் திம்பானா இத?" என்று டப்பாவைத் தள்ளிவிட்டாய். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்து நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் நீ வந்து, "காலைல எச்சாப் பேசிப்போட்டேன்" என்றாய், நான் முட்டை பொரித்துக் கொடுத்தேன், அதோடு முடிந்தது. பிறகு தெருப் பையன்களோடு கிரிக்கெட் ஆடப் போனாய், முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாய், கணக்கில் குறைந்த மார்க்கை ஒளித்து வைத்தாய், கண்டுபிடித்தபோது திருதிருவென்று விழித்தாய். அந்த வயதுப் பையன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தாய்.

தனியாக வளர்த்ததில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று பீற்றிக்கொள்ள வரவில்லை. செய்தேன். தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் உன்னை உட்காரவைத்து என் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டுவேன். முதலாளி திட்டியது, உன் மாமன் எட்டிப் பார்க்காதது, உன் அப்பா என்றைக்கோ சொன்ன ஒரு சொல். பதின்மூன்று வயதுப் பையன் அவ்வளவையும் கேட்டுக்கொண்டு "விடுங்கம்மா" என்று தண்ணீர் எடுத்து வந்து கொடுப்பாய். "இந்த ஊட்டு ஆம்பள நீதான் சாமி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். பள்ளியில் ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள், அம்மா தனியாக இருப்பார்கள் என்று நீ பேர் கொடுக்கவில்லை. அதைப் பட்டறையில் ஒவ்வொருத்தியிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதில் என்ன பெருமை? ஒரு பையன் ஊட்டிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான், அவன் அம்மாவுக்கு அவனைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றத் தெரியவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒன்று, இங்கே உன்னால் என்னோடு சண்டை போட முடிந்தது. பல்லடத்தில் அதற்குக்கூட உனக்கு இடமில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நீயும் உன் சிநேகிதன் அருணும் பள்ளிச் சுவரேறிக் குதித்து மேட்ச் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டீர்கள். பெற்றோரை வரச்சொன்னார்கள். அருணுடைய அப்பாவும் அம்மாவும் காரில் வந்தார்கள். வகுப்பு ஆசிரியர் அவர்களிடம், "வயசுக் கோளாறுங்க, கொஞ்சம் கண்டிச்சு வெய்யுங்க" என்று சொல்லி அனுப்பினார். அடுத்து நான் போனேன். கையில் பட்டறை வார்னிஷ் நாற்றம் போகவில்லை, பஸ் பிடித்து ஓடியிருந்தேன். "அம்மா மட்டும்தானுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அதானே பாத்தேன்" என்றார். பக்கத்தில் இருந்த ஆசிரியரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவரும் ஆட்டினார். ஒரே சுவர், ஒரே மேட்ச், ஒரே வயது. அவனுக்கு வந்தது வயசுக் கோளாறு, உனக்கு வந்தது வளர்ப்புக் கோளாறு! அன்றைக்கு அந்த மேஜையைத் தட்டி, "என்னங்க பாத்தீங்க?" என்று கேட்காமல் வந்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கேட்காதது மட்டுமில்லை, நானும் அதை நம்பினேன். உன் மாமன் வேறு வந்து உட்கார்ந்துகொண்டு, "வயசுப் பையனுக்குத் தகப்பன் கண்ணு முன்னால இருக்கோணும் அம்மணி. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா உன்னையத்தான் சொல்லுவாங்க" என்றான். என்னைச் சொல்லுவார்கள் என்ற அந்த ஒரு பயத்துக்காக, பத்தாம் வகுப்புக்கு உன்னை மறுபடியும் பல்லடத்துக்குக் கூட்டிப்போனேன். உன்னிடம் சொன்னபோது நீ "சரிங்கம்மா" என்றாய். தக்காளிச் சோற்றுக்கு அந்தக் கத்துக் கத்தியவன், பள்ளியையும் சிநேகிதனையும் விட்டுவிட்டு வா என்றதற்குச் "சரிங்கம்மா" என்றால், எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு எது என்று யாராவது கேட்டால், புருஷனை விட்டு வந்ததைச் சொல்ல மாட்டேன். ஊருக்குப் பயந்து திரும்பிப் போனதைத்தான் சொல்வேன்.

அவர் நம்மை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியை அவரே உள்ளே எடுத்து வைத்தார். அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாமி, உங்கம்மா காப்பி குடிச்சாளான்னு கேளு" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனாலும் உன்னிடம்தான் கேட்டார். நீ எழுந்து சமையலறைக்கு வந்தாய். நானும் வெட்கமில்லாமல், "குடிச்சாச்சுன்னு சொல்லு கண்ணு" என்றேன். இரண்டரை வருடம் விட்டிருந்த வேலையை நீ அந்த நிமிஷத்திலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தாய். உறவெல்லாம் மகிழ்ந்துபோனது. புதுப் பள்ளியின் படிவத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தது. உன் மாமன் தானே எங்களைச் சேர்த்து வைத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நான்காவது மாதம் உனக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது பின்மண்டையில் ஒரு ரூபாய்க் காசளவுக்கு வழவழவென்று இருந்தது. புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய் என்றார்கள், தேய்த்தேன். ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. நீ பள்ளிக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனாய். கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் உன் தலையைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனை, டென்ஷன்னு இருக்குங்களா?" என்று கேட்டார். "ஒண்ணுமே இல்லீங்க டாக்டர். அப்பா அம்மா ரெண்டு பேரும் கூடவே இருக்கறோமுங்க. எங்க ஊட்ல சத்தமே வராதுங்க" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "சரி, பையனோட அப்பா இதப் பத்தி என்ன சொல்றாரு?" என்றார். நான் உன் பக்கம் திரும்பி, "அப்பா என்ன சொன்னாரு கண்ணு?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் சொன்னது உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்காக நீ பதில் சொன்னாய். "அப்பாவும் அம்மாவும் நல்லாத்தானுங்க பேசிக்குவாங்க டாக்டர். அப்பாவுக்குப் பண்ணையில வேலை எச்சா, அதனாலதானுங்க." தலையில் மூன்று இடத்தில் முடி கொட்டிப்போன பையன், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரின் மானத்தையும் காப்பாற்றினாய். அந்த அறையில் எனக்கு வந்த அவமானத்தைப் போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அன்னூரில் தட்டு நகர்ந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உன் பரீட்சை முடியும்வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் கணபதிக்கு வந்துவிட்டோம். அப்போதாவது புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறாயா? "உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு, நாம போறோம்னு" என்று அதையும் உன்னிடம்தான் சொல்லியனுப்பினேன். நீ அதை எப்படி மாற்றிச் சொன்னாயோ, அவர் பஸ் ஏற்றிவிட வந்தார். முடி அடுத்த வருடம் முளைத்தது, முதலில் வெள்ளையாக, பிறகு கறுப்பாக. மருந்தும் போட்டோம், அதனால் இங்கே வந்ததால்தான் முளைத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மறுபடி என்னோடு கத்த ஆரம்பித்தாய், அதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

இப்போது நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். நீ "அப்பாவே ஆசைப்படறாரு" என்றாயே, போனை வைத்த பிறகு அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் ஆசைப்படுகிறேன் என்று ஒருநாளும் சொல்லக்கூடியவர் இல்லை. உன் மாமனிடம் நம்பர் வாங்கி நானே கூப்பிட்டேன். "நான்தானுங்க" என்றேன். கொஞ்ச நேரம் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "சொல்லு" என்றார். "பையன் கல்யாணத்துல நான் உங்க பக்கத்துல நிக்கோணும்னு ஆசைப்பட்டீங்களாமா?" என்றேன். "நானா? நீதான் கூப்பிட்டதாச் சொன்னான். அம்மா பழசையெல்லாம் மறந்துட்டாங்க, உங்களைப் பக்கத்துல வந்து நிக்கச் சொன்னாங்கன்னு சொன்னானே" என்றார்.

இருபத்தெட்டு வயது உனக்கு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்மேல் வந்த கோபமா, எங்கள்மேல் வந்த கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர், "ஏம் புள்ள, அப்பெல்லாங்கூட இவன் இப்படித்தான் மாத்தி மாத்திச் சொல்லிட்டு இருந்தானா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "உனக்குத் தெரியுமா?" "தெரியுமுங்க." "எனக்குத் தெரியாதே" என்றார். அவர் தெரியாமல் செய்தார் கண்ணு. நான் தெரிந்து செய்தேன்.

அவர் பிறகு சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன், நீ இப்படிக் கேட்டுப் பழக வேண்டும். "உன்ற பக்கத்துல நிக்க எனக்கு இஷ்டமில்ல. நின்னா நடிக்கோணும். கல்யாணத்துக்கு வருவேன். முன்னால சேர்ல உக்காந்து பாத்துப்போட்டு வந்தர்றேன். ஆனா உன்ற அண்ணன் என்னைய நேர்ல வந்து அழைக்கோணும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்துக்கு அப்புறமும் அதே வீம்பு! நானும் ஒளிக்கவில்லை. "எனக்கும் உங்க பக்கத்துல நிக்க இஷ்டமில்லீங்க. அழைக்கறதுக்கு அண்ணனை அனுப்பறேன்" என்றேன். பத்தொன்பது வருடத்தில் நாங்கள் நேராகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

அதனால் மணவறையில் நான் தனியாகத்தான் நிற்பேன். உன் மாமனும் அத்தையும் எனக்குப் பதிலாக நிற்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அன்னூர் போய் கீர்த்தனாவின் பெரியப்பாவிடம் இதை நானே சொல்லப்போகிறேன். கூடாது என்றால் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், நானும் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ முந்திக்கொண்டு போன் போட்டு, "அம்மாவுக்கு முட்டி வலிங்க, நிக்க முடியாதுங்க" என்று எதையாவது சொல்லிச் சமாளிக்காதே. சொன்னாய் என்று தெரிந்தால் மாலையும் கழுத்துமாக இருக்கும்போதே உன் காதைத் திருகுவேன். கீர்த்தனாவிடம் மட்டும் நீ பேசு. நான் வருத்தப்பட்டேன் என்றால் வருத்தப்பட்டேன் என்றே சொல். உனக்கே வருத்தமாக இருந்தால் அதையும் சொல். அன்னூரில் என் முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்தாயே, அப்போது உன் மனதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அவளோடு சண்டை வரும். வரட்டும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற மாதிரி வரட்டும். சேர்ந்து வாழுங்கள், முடியவே முடியாமல் போனால் பிரிந்து வாழுங்கள், அதை நாளைக்கு உங்கள் பிள்ளை தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு "உங்கம்மாகிட்டச் சொல்லு" என்று ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு அனுப்பாதே. நீ எழுந்து போய்க் கேள்.

இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம். அவருக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. நம்பர் என்னிடம் இருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா